மானிடவியலில் இளநிலையும் முதுநிலையும் ஒருசேர: கணக்கு எங்கே இடிக்கும்?

பல்கலைக்கழகக் கையேடுகளைப் புரட்டினால் 'ஐந்தே ஆண்டில் இரண்டு பட்டம்' என்ற மாதிரி வாசகம் எங்காவது கண்ணில் படும். தொடக்கக் கல்லூரி முடித்த பிள்ளையும் பெற்றோரும் அதைப் பார்த்துவிட்டு, 'அப்படியே ஓராண்டு மிச்சம்' என்று கணக்குப் போடுகிறார்கள். கணினியியல் போன்ற துறைகளில் அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாக வந்துவிடும். மக்களோடு இருந்து அவர்கள் வாழ்வை நேரில் கவனித்து ஆராயும் மானிடவியலில் இடிக்கும். பாடங்களை நெருக்கி அடுக்கிவிடலாம், ஆனால் சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலின் தீமிதி ஆண்டுக்கு ஒரு முறைதான். அதுவும் தீபாவளிக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பு, முதல் பருவத்தின் கட்டுரைகளெல்லாம் கழுத்தை நெரிக்கும் நேரத்தில்.

இணைப்பட்டம் என்றால் என்ன, அலகுகள் (கிரெடிட்) எப்படி எண்ணப்படுகின்றன, களப்பணி ஏன் எல்லாத் திட்டத்தையும் கலைக்கிறது, யாருக்கு இந்த வழி தேவையே இல்லை என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

ஒரே மாதிரி ஒலிக்கும் நான்கு பெயர்கள்

1. டபுள் டிகிரி: இரண்டு இளநிலைப் பட்டங்கள், இரண்டு சான்றிதழ்கள். முதுநிலை இதில் இல்லை.
2. டபுள் மேஜர்: ஒரே பட்டம், இரண்டு முதன்மைப் பாடங்கள்.
3. ஜாயிண்ட் டிகிரி: இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வழங்குவது.
4. கன்கரண்ட் டிகிரி: இளநிலையும் முதுநிலையும் ஒரே ஓட்டத்தில். இங்கே இணைப்பட்டம் என்று சொல்வது இதைத்தான்.

அமெரிக்காவில் இதையே 'ஃபோர் பிளஸ் ஒன்' என்பார்கள். பிரிட்டனில் 'இன்டகிரேட்டட் மாஸ்டர்ஸ்' என்ற வடிவம் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. பிரிட்டனில் இளநிலைச் சிறப்புப் பட்டத்துக்கு 360 அலகு, இன்டகிரேட்டட் மாஸ்டர்ஸுக்கு 480. அதில் முதுநிலைத் தரத்தில் இருக்க வேண்டியது குறைந்தது 120. தனியாக ஓராண்டு முதுநிலை படிப்பவர் 180 அலகு முடிக்கிறார். ஐரோப்பாவின் பல பல்கலைக்கழகங்களில் வழக்கமாக உள்ள 3 பிளஸ் 2 முறையில் முதுநிலைக்கு முழு இரண்டு ஆண்டு. சான்றிதழில் எல்லாமே 'மாஸ்டர்ஸ்'தான், உள்ளே இருக்கும் சரக்கின் அளவு வேறு. முனைவர் பட்டச் சேர்க்கைக் குழு மதிப்பெண் பட்டியலைப் பிரித்துப் பார்க்கும்போது இந்த வேறுபாடு தெரிந்துவிடும்.

இன்னொரு பொறியும் உண்டு. எடின்பரோ, செயின்ட் ஆண்ட்ரூஸ் போன்ற ஸ்காட்லாந்தின் பழைய பல்கலைக்கழகங்களில் சமூக மானிடவியலை நான்கு ஆண்டு படித்துப் பெறும் முதல் பட்டத்துக்கே எம்ஏ என்று பெயர். பெயரில் முதுநிலை இருந்தாலும் அது இளநிலைதான். ஆக்ஸ்ஃபர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பிஏ வாங்கியவர் சில ஆண்டுகள் கழித்து எந்தத் தேர்வும் எழுதாமல் அதை எம்ஏ ஆக்கிக்கொள்ளலாம். 'நாலே வருஷத்தில் எம்ஏ' என்று யாராவது சொன்னால் எந்த ஊர் எம்ஏ என்று முதலில் கேளுங்கள்.

சிங்கப்பூரில் எங்கே படிக்கலாம்

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், மானிடவியல் இரண்டும் ஒரே துறைக்குள் இருக்கின்றன. மானிடவியலை முதன்மைப் பாடமாக எடுக்கலாம். யேல்-என்யுஎஸ் கல்லூரியும் 2013 முதல் மாணவர்களைச் சேர்த்து மானிடவியலை வழங்கிவந்தது, அதன் கடைசி அணி 2025இல் வெளியேறிவிட்டது. பழைய இணையப் பக்கங்களை நம்பித் திட்டம் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பட்டம் உண்டு, அதற்குள் மானிடவியல் சாயலுள்ள பாடங்களைத் தேர்ந்தெடுக்கலாம்.

இங்குள்ள மானிடவியல் பெரும்பாலும் பிரிட்டிஷ் மரபில் வந்தது. மாலினோவ்ஸ்கி 1915 முதல் 1918 வரை டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி உருவாக்கிய முறை அது: ஓர் இடத்தில் நீண்ட நாள் இருந்து, அவர்கள் மொழியில் பேசி, அன்றாட வாழ்வை எழுதுவது. அவருடைய மாணவர் ரேமண்ட் ஃபர்த் 1939-40இல் கிளந்தான் மீனவர்களை ஆராய்ந்தார். மாரிஸ் ஃப்ரீட்மன் 1949-50இல் சிங்கப்பூரின் சீனக் குடும்பங்களையும் திருமணங்களையும் ஆராய்ந்தார். நம் காலத்தில் வினீதா சின்ஹா இங்குள்ள முனீஸ்வரன் வழிபாட்டை ஆராய்ந்தவர். அமெரிக்காவில் ஃபிரான்ஸ் போவாஸ் வழிவந்த மரபு வேறு. பண்பாடு, உயிரியல், தொல்லியல், மொழியியல் என நான்கு கிளைகளையும் ஒரே துறையில் வைக்கிறார்கள்.

இது வெறும் வரலாறு இல்லை, திட்டத்தைத் தொடும் விஷயம். எலும்பும் அகழாய்வும் பிடிக்கும் மாணவர் சிங்கப்பூரில் சமூக மானிடவியல் பட்டத்தில் சேர்ந்தால் இரண்டாம் ஆண்டிலேயே ஏமாந்துபோவார். இணைப்பட்டம் என்றால் அந்த ஏமாற்றம் ஐந்து ஆண்டுக்கு நீளும்.

அலகுக் கணக்கு: மிச்சமாவது ஓராண்டா, அரை ஆண்டா?

தேசியப் பல்கலைக்கழகத்தின் மனிதப்பண்பியல், அறிவியல் கல்லூரியில் (காலேஜ் ஆஃப் ஹியூமானிட்டிஸ் அண்ட் சயின்சஸ்) சிறப்புப் பட்டத்துக்கு 160 அலகு வேண்டும். அது மூன்றாகப் பிரிகிறது:

1. பொதுப் பாடத்திட்டம் 52 அலகு, அதாவது 13 பாடங்கள்.
2. முதன்மைப் பாடம் 60 அலகு.
3. விருப்பம்போல் எடுத்துக்கொள்ள 48 அலகு.

பாடத்துக்கு 4 அலகு. ஓர் அலகுக்கு வாரம் இரண்டரை மணி நேர உழைப்பு என்று வைத்திருக்கிறார்கள். ஆக 13 வாரப் பருவத்தில் ஒரு பாடத்துக்கு 130 மணி நேரம். பருவத்துக்கு 20 அலகு எடுத்தால் வாரம் 50 மணி. எட்டுப் பருவம், 160 அலகு, நான்கு ஆண்டு.

இங்கே பாடம் படித்து முடிக்கும் முதுநிலைப் பட்டங்கள் பலவற்றுக்கு 40 அலகு. இரண்டையும் கூட்டினால் 200. ஐந்து ஆண்டு என்றால் பத்துப் பருவம், பருவத்துக்கு 20 என்றால் அதே 200. கவனித்தீர்களா? ஒரு பாடத்தைக்கூட இரண்டு பட்டத்துக்கும் சேர்த்து எண்ணாமலே ஐந்து ஆண்டில் முடிந்துவிடுகிறது. நான்காண்டு இளநிலை முடித்துவிட்டு ஓராண்டு முதுநிலைக்குத் தனியாக விண்ணப்பித்தாலும் அதே ஐந்து ஆண்டுதான்.

அப்படியானால் இணைப்பட்டம் தருவது என்ன? ஒன்று, முன்கூட்டியே கிடைக்கும் முதுநிலை இடம். இரண்டு, இருபுறமும் எண்ணப்படும் பாடங்கள். மூன்று பாடங்கள், அதாவது 12 அலகு, இரு பட்டத்துக்கும் எண்ணப்பட்டால் மொத்தம் 188. அதை ஒன்பது பருவத்தில் முடிக்கப் பருவத்துக்கு ஏறக்குறைய 21 அலகு வேண்டும். ஐந்து பாடங்கள் எண்ணப்பட்டால் 180, ஒன்பது பருவத்துக்குச் சரியாக 20. ஆக, நன்றாக நடந்தால் கிடைக்கும் லாபம் அரை ஆண்டு.

அந்த அரை ஆண்டும் மூன்று இடங்களில் நழுவும்.

- இருபுறமும் எண்ணப்படும் முதுநிலைப் பாடங்கள் உட்கார இடம் வேண்டும். 48 விருப்ப அலகையும் இரண்டாவது முதன்மைப் பாடத்துக்குக் கொடுத்துவிட்டால் அந்த இடம் போய்விடும். தமிழியலிலோ தென்கிழக்காசிய ஆய்விலோ இரண்டாவது முதன்மைப் பாடம் எடுக்கும் ஆசையும் இணைப்பட்ட ஆசையும் ஒரே உறைக்குள் இரண்டு கத்தி.
- வெளிநாட்டுப் பரிமாற்றப் பருவத்தில் எடுக்கும் பாடங்கள் வழக்கமாகத் தேர்ச்சி என்று மட்டும் பதிவாகும். மதிப்பெண் இல்லாத பாடத்தை முதுநிலைப் பக்கம் ஏற்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.
- முதுநிலைப் பாடத்தில் மதிப்பெண் சரிந்தால் இரண்டு பட்டியலிலும் சரியும். மதிப்பெண் சராசரி ஐந்துக்கு 4.5 எடுத்தால்தான் உச்சநிலைச் சிறப்புத் தகுதி. 4.55இல் நிற்கும் மாணவர் மூன்றாம் ஆண்டில் கனமான கோட்பாட்டுப் பாடம் ஒன்றை எடுத்துக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடுவது நடக்கக்கூடியதே.

களப்பணிதான் அச்சாணி

இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு 8 அலகு என்று வைத்துக்கொள்வோம். அலகுக் கணக்கில் அது 260 மணி நேரம். இப்போது நடைமுறையைப் பாருங்கள். சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக் கடைக்காரர்களைப் பற்றிய ஆய்வு. 20 பேட்டி, ஒவ்வொன்றும் ஒன்றேகால் மணி.

1. ஒலிப்பதிவு 25 மணி.
2. ஒரு மணி ஒலிப்பதிவை எழுத்தில் வடிக்க ஏறக்குறைய 5 மணி ஆகும். ஆக 125 மணி.
3. கடையில் உட்கார்ந்து கவனிப்பது 40 மணி.
4. ஒரு மணி கவனித்ததைக் களக்குறிப்பாக எழுத இரண்டு மணி. அது 80.

கூட்டினால் 270. கோட்பாட்டு நூல் ஒன்றைக்கூட இன்னும் திறக்கவில்லை, ஆய்வேட்டில் ஒரு வரி எழுதவில்லை, ஒதுக்கிய நேரம் தீர்ந்துவிட்டது.

தமிழில் பேட்டி எடுத்தால் இன்னும் கூடும். 'நேத்து பிசினஸ் ரொம்ப ஸ்லோ லா, தாப்பாவ் பண்ணக்கூட ஆள் வரல' என்று ஒருவர் சொல்கிறார். தமிழ், ஆங்கிலம், சீனக் கிளைமொழியிலிருந்து வந்த 'தாப்பாவ்' (உணவைப் பொட்டலமாக வாங்கிப்போவது), சிங்கப்பூருக்கே உரிய 'லா', எல்லாம் ஒரே மூச்சில். தானியங்கி எழுத்தாக்கச் செயலி இந்த இடத்தில் உளறும். கையால்தான் எழுத வேண்டும். பிறகு ஆய்வேட்டுக்காக ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது அந்த 'லா'வை என்ன செய்வது? சலிப்பா, சமாதானமா, கேட்பவரைத் தன் பக்கம் இழுப்பதா? அதை விட்டுவிட்டால் அவர் வெறும் விற்பனை நிலவரம் சொன்ன மாதிரி ஆகிவிடும். இந்த முடிவுகளை எடுக்கத்தான் நேரம் போகிறது, அந்த முடிவுகள்தான் மானிடவியல்.

ஆகவே இளநிலை ஆய்வேட்டில் 8 முதல் 10 பேட்டி போதும். எல்லாவற்றையும் முழுதாக எழுத்தில் வடிக்க வேண்டாம். முழுவதையும் ஒருமுறை கேட்டு நிமிடக் குறிப்பு போட்டு, தேவையான பகுதிகளை மட்டும் சொல்லுக்குச் சொல் எழுதலாம். களக்குறிப்பை மட்டும் அன்றிரவே எழுதிவிட வேண்டும். மறுநாள் காலையில் பாதி ஆவியாகிவிடும்.

நெறிமுறை அனுமதி: பலர் தடுக்கி விழும் படி

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்குத் துறையின் அல்லது பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும். பேட்டிக் கேள்விகள், அழைப்பு அறிவிப்பு, ஒப்புதல் படிவம், அன்பளிப்பாக 10 வெள்ளிப் பற்றுச்சீட்டு கொடுப்பதென்றால் அந்தத் தொகை, ஒலிப்பதிவு எங்கே எவ்வளவு நாள் இருக்கும் என்ற விவரம், எல்லாம் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனத்தில் வைத்துத்தான் பெயர், தொலைபேசி எண்களைக் கையாள வேண்டும். குழு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பும், திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். ஒரு முழுப் பருவத்தை இதற்கென்று ஒதுக்குவதே பாதுகாப்பு.

பிழைகள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் வருகின்றன.

1. அனுமதிக்கு முன் எடுத்த பேட்டி. முதலாண்டில் ஆர்வத்தில் பாட்டியிடம் பதிவுசெய்த வாழ்க்கைக் கதையைப் பின்னால் தரவாகப் பயன்படுத்த முடியாது. அனுமதி பின்தேதியிட்டுக் கிடைக்காது.
2. 'இந்தப் பட்டத்துக்கு மட்டும்' என்ற வரி. இணைப்பட்ட மாணவருக்கு மிகப் பெரிய இழப்பு இங்கேதான். தரவு இளநிலை ஆய்வேட்டுக்கு மட்டும் பயன்படும் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதிவிட்டால் முதுநிலையில் அதைத் தொட முடியாது. தொடர் ஆய்வுக்கும் பயன்படுத்தலாமா, பின்னர் மீண்டும் தொடர்புகொள்ளலாமா என்று முதல் படிவத்திலேயே தனிக் கட்டம் போட்டுக் கேட்க வேண்டும்.
3. ஆங்கிலப் படிவம். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் வெளிநாட்டுத் தமிழ் ஊழியர்களிடம் பேசப் போகிறவர் தமிழ்ப் படிவத்தையும் விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டும். அதிலும் 'பங்கேற்பாளராகிய நான் இதன்மூலம் உறுதியளிப்பது யாதெனில்' என்று தொடங்கினால் போலிஸ் காகிதம் என்று நினைத்து எழுந்து போய்விடுவார்கள். பேசும் தமிழில் எழுதுங்கள். கையெழுத்துக்குப் பதில் வாய்மொழி ஒப்புதல் போதுமா என்றும் குழுவிடம் கேட்கலாம்.
4. வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதி. விடுதி நடத்துநரின் அனுமதியோடு உள்ளே போனால் ஊழியர் நடத்துநருக்குப் பயந்து மறுக்க முடியாமல் பேசக்கூடும். அது உண்மையான ஒப்புதலா என்று குழு கேட்கும். வெளியே சந்திப்பது நல்லது.

ஒரே தரவிலிருந்து இரண்டு ஆய்வேடுகள் எழுதலாம். ஒரே அத்தியாயத்தை இரண்டு இடத்தில் சமர்ப்பிக்க முடியாது. சொந்த எழுத்தாக இருந்தாலும் அது விதிமீறல்தான். ஆகவே முதலிலிருந்தே இரண்டு கேள்விகளாகப் பிரித்துக்கொள்வது நல்லது. இளநிலையில் கடையின் அன்றாட உழைப்பு, முதுநிலையில் அந்தக் கடை அடுத்த தலைமுறைக்குக் கைமாறும் விதம், என்பதுபோல.

களம் கடல் கடந்தால்

தஞ்சாவூரில் உறவினர் வீடு இருக்கிறது, அங்கேயே தங்கி ஆய்வு செய்துவிடலாம் என்ற எண்ணம் இங்குள்ள தமிழ் மாணவர்களுக்கு வருவது இயல்பு. சுற்றுலா விசாவில் போய் ஆய்வு செய்ய முடியாது. ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருந்தாலும் ஆய்வுக்குத் தனி அனுமதி வேண்டும், 2021ஆம் ஆண்டு இந்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையில் இது தெளிவாக இருக்கிறது. மலேசியா, இந்தோனீசியா இரண்டிலும் வெளிநாட்டு ஆய்வாளர்கள் அரசிடம் முன்அனுமதி பெற வேண்டும். ஜோகூர் பக்கத்தில்தானே என்று சனிக்கிழமை பாலத்தைக் கடந்து பேட்டி எடுத்துவருவது இந்தக் கணக்கில் அடங்காது.

ஆண்கள் இரண்டு ஆண்டு தேசிய சேவை முடித்து 21 வயதில் சேர்ந்தால் முதுநிலை முடியும்போது 26. இடையில் முகாம் பயிற்சி அழைப்பும் வரலாம். நீண்ட வெளிநாட்டுக் களப்பணிக்கு முன் தற்காப்பு அமைச்சின் வெளிநாட்டுப் பயண விதிகளைப் பார்த்துவிட வேண்டும்.

பணமும் பிணைப்பும்

கல்வி அமைச்சின் கட்டண மானியம் குடிமக்களுக்குப் பிணைப்பு இல்லாமல் கிடைக்கிறது. நிரந்தரவாசிகளும் வெளிநாட்டு மாணவர்களும் மானியம் பெற்றால் படிப்பு முடிந்து மூன்று ஆண்டு வேலை செய்யும் பிணைப்பு உண்டு. இணைப்பட்டத்தில் சிக்கல், எந்தப் பருவத்திலிருந்து முதுநிலைக் கட்டணம் தொடங்குகிறது என்பதில். அதே வகுப்பறை, அதே பேராசிரியர், கட்டணம் மட்டும் வேறு. பிணைப்புள்ள உபகாரச் சம்பளம் பெறுபவர் படிப்பை நீட்டிக்க அதை வழங்கும் அமைப்பின் சம்மதத்தையும் முன்னதாகப் பெற வேண்டும்.

ஆண்டுவாரியாக ஒரு வரைவு

1. முதலாண்டு: பொதுப் பாடங்களை முடிந்தவரை தீர்ப்பது, மானிடவியல் அறிமுகப் பாடம் எடுப்பது. முடிவு எதுவும் வேண்டாம்.
2. இரண்டாம் ஆண்டு: களஆய்வு முறைப் பாடம். ஒரு சிறு பயிற்சியிலேயே இது தனக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். அறிமுகமில்லாதவரோடு இரண்டு மணி நேரம் சும்மா உட்கார முடியாதவர் வேறு முதுநிலை பார்ப்பது நல்லது. இணைப்பட்ட விண்ணப்பத் தேதிகளையும் இந்த ஆண்டே பார்த்துவிட வேண்டும்.
3. மூன்றாம் ஆண்டு: முதல் பருவத்தில் வழிகாட்டிப் பேராசிரியரைப் பிடிப்பது. இரண்டாம் பருவத்தில் நெறிமுறை விண்ணப்பம். மே முதல் ஜூலை வரையிலான நீண்ட விடுமுறை முழுக்கக் களம்.
4. நான்காம் ஆண்டு: இளநிலை ஆய்வேடு, இருபுறமும் எண்ணப்படும் பாடங்கள். களம் கோயில் திருவிழா என்றால் தைப்பூசம் இரண்டாம் பருவத்தின் தொடக்க வாரங்களில் வரும், சமாளிக்கலாம். தீமிதி என்றால் முதல் பருவப் பாடங்களை ஒன்று குறைத்துக்கொள்ளுங்கள்.
5. ஐந்தாம் ஆண்டு: முதுநிலைப் பாடங்கள், இரண்டாவது ஆய்வேடு.

யாருக்கு இது வேண்டாம்

அமெரிக்காவில் முனைவர் பட்டம் படிக்க நினைப்பவருக்கு இணைப்பட்டம் கட்டாயம் இல்லை. அங்குள்ள பல மானிடவியல் துறைகள் இளநிலை முடித்தவரை நேரடியாக எடுத்துக்கொள்கின்றன, முதுநிலைப் பட்டம் போகிற வழியில் கிடைக்கும். ஆஸ்திரேலியாவிலும் நல்ல தகுதியுள்ள சிறப்புப் பட்டத்தோடு முனைவர் படிப்பில் சேர வாய்ப்புண்டு. பிரிட்டனில்தான் முனைவர் படிப்புக்கு முன் முதுநிலையை எதிர்பார்ப்பது வழக்கம். அதற்கும் ஓராண்டு முதுநிலையை அங்கேயே படித்துப் பேராசிரியர்களை அறிமுகப்படுத்திக்கொள்வது கூடுதல் பயன் தரும். மரபுடைமை, அருங்காட்சியகம், சமூக சேவை, பயனர் ஆய்வு போன்ற வேலைகளுக்குப் போக நினைத்து, இங்கேயே முதுநிலையும் முடித்துவிட விரும்புபவருக்கு இணைப்பட்டம் பொருந்தும்.

கையெழுத்துப் போடும் முன் துறை அலுவலகத்திடம் இவற்றுக்கு மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நேரில் கேட்ட பதில் அலுவலர் மாறினால் மாறிவிடும்.

1. எத்தனை அலகு இருபுறமும் எண்ணப்படும், எந்தெந்தப் பாடங்கள்?
2. இளநிலைச் சான்றிதழ் நான்காம் ஆண்டு முடிவில் கையில் கிடைக்குமா, இரண்டும் சேர்ந்துதான் வருமா?
3. முதுநிலைக் கட்டணம் எந்தப் பருவத்தில் தொடங்கும், மானியம் தொடருமா?
4. தொடர்ந்து இருக்க வேண்டிய குறைந்தபட்ச மதிப்பெண் சராசரி எவ்வளவு, ஒரு பருவம் சரிந்தால் என்ன ஆகும்?
5. நடுவில் நிறுத்தினால் இளநிலையோடு மட்டும் வெளியேறலாமா? அப்போது ஏற்கெனவே எடுத்த முதுநிலைப் பாடங்கள் விருப்ப அலகாக மாறுமா, வீணாகுமா?